கடற்கரையில குழி கேட்டவரோட ஊர்: ஸெத்

தெற்கு பிரான்ஸ்னாலே எல்லாரும் நீஸ், மார்செய்னு ஓடுவாங்க, நான் ஸெத்ல போய் இறங்கினதுக்கு ஒரே காரணம் 1966ல பிரெஞ்சுப் பாடகர் ஜார்ஜ் பிராசான்ஸ் போட்ட ஆல்பம். அவர் 1921ல பிறந்தது இந்தத் துறைமுக ஊர்லதான், அப்பா கொத்தனார். ஆல்பத்துல ஆர்கெஸ்ட்ரா ஆடம்பரமே கிடையாது, கிட்டார், பின்னாடி பியர் நிக்கோலாவோட டபுள் பேஸ், மீசைக்காரரோட அந்த கரகர குரல், அவ்ளோதான்.

முதல் பாட்டுதான் தலைப்புப் பாட்டு, ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும். செத்தா என்னை ஸெத் கடற்கரையில புதைங்கன்னு ஒரு மனு. எங்க குடும்பக் கல்லறை ஏற்கனவே ஹவுஸ்ஃபுல், பெரியவங்களைப் போய் கொஞ்சம் தள்ளிப் படுங்கன்னு சொல்ல முடியுமா, அதனால கோர்னீஷ் பீச்ல ஒரு சின்ன இடம் குடுங்க, நிழலுக்கு ஒரு பைன் மரம் நடுங்கன்னு கேக்குறார். நான் அந்த கோர்னீஷ் மணல்லயே உக்காந்து கேட்டேன், பக்கத்துல பசங்க பந்து விளையாடிட்டு இருந்தாங்க. சாவைப் பத்தின பாட்டுன்னு யாரும் நம்ப மாட்டாங்க, அப்படி ஒரு வெயில்.

இதே ஊர்ல பிறந்த கவிஞர் பால் வலேரியையும் அதுல இழுப்பார். வலேரி படுத்திருக்கிறது மலைச்சரிவுல, கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற பெரிய கல்லறைத் தோட்டத்துல. அவர் கவிதை என்னோடதை விட ஒசத்தியாவே இருக்கட்டும், ஆனா என் கல்லறை கடலுக்கு இன்னும் கிட்ட இருக்கணும்னு இவர் வம்பு. 1981ல பிராசான்ஸ் இறந்தப்போ நடந்தது வேற. ஊருக்கு அந்தப் பக்கம், தோங்கிற காயல் ஓரமா இருக்கிற லெ பீங்கிற சாதாரண ஜனங்க கல்லறைத் தோட்டம், அங்க அதே குடும்பக் கல்லறையில இடம் பண்ணிட்டாங்க. அவர் கூடவே ஜோஹா ஹைமனும் இருக்காங்க. 1947ல இருந்து ஜோடி, ஆனா கல்யாணமும் பண்ணல, ஒரே வீட்டுலயும் இருக்கல. நம்ம ரெண்டு பேரையும் கல்யாணப் பத்திரத்துக்கு அடியில சேர்த்து எழுத வேணாம்மான்னு அவங்களுக்காக எழுதின பாட்டும் இதே ஆல்பம்தான். கடைசியில கல்லறையில மட்டும் ஒரே அட்ரஸ்.

பக்கத்துலயே பிராசான்ஸ் மியூசியம். ஹெட்ஃபோன் மாட்டினா அவரே பேசிட்டு வருவார், அவசரமா பாக்காதீங்க.

ஆனா என்னைக் கேட்டா ஆல்பத்தோட உயிர் தலைப்புப் பாட்டு இல்ல, நாலு மாணவர்கள் பத்தினதுதான். சின்ன வயசுல இவரும் கூட்டாளிகளும் இந்த ஊர்ல நகை திருடி மாட்டினாங்க, அந்த அவமானத்துலதான் 1940ல பாரிஸுக்கே போனார். பாட்டுல மத்த அப்பாக்கள் எல்லாம் என் பிள்ளையே இல்லன்னு கத்துறாங்க, இவர் அப்பா மட்டும் வந்து, என்னடா தம்பின்னு சாதாரணமா கூப்பிட்டு புகையிலைப் பையை நீட்டுறார். பிரெஞ்சு அரைகுறையா புரிஞ்சாலும் இந்த இடத்துல தொண்டை அடைக்குது.

ஆங், கால்வாய் ஓரக் கடையில தியெல் சாப்பிடுங்க, ஆக்டோபஸும் தக்காளியும் வச்ச காரசாரமான வட்ட மாவுப் பண்டம், சூடா.