வீட்டிலிருந்து பேசும் முகவர்களும் அழைப்பின் பாதையும்

அழைப்பு மைய முகவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி வீட்டு இணையத்தின் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். குரலை எண்வடிவத் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு, ஈதர்நெட் தலைப்புகளையும் (பாக்கெட் எனும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் செல்லும் முகவரித் தகவல்) சேர்த்தால், ஒரு திசைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பே இதைத் தாங்கும். ஆகவே நான் வேகத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் அழைப்பும் எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் இடம்பிடிக்கிறது என்று வரைந்து பார்ப்பதிலிருந்தே திட்டத்தைத் தொடங்குவேன்.

ட்ரங்க் கணக்குக்கு, அதாவது மையத்தைப் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் தடத்தில் எத்தனை சேனல்கள் (ஓர் அழைப்புக்கு ஒரு சேனல்) வேண்டும் என்பதற்கு, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் கைகொடுக்கின்றன. மணிக்கு 300 அழைப்புகள், சராசரியாக 4 நிமிடப் பேச்சு என்றால் அது 20 எர்லாங், அதாவது எந்நேரமும் சராசரியாக 20 அழைப்புகள் நடக்கும் சுமை; நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தடைபடக் கூடாது என்றால் 30 சேனல்கள் வேண்டும். ஆனால் வரிசையில் காத்திருப்பவரும் ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். சராசரிக் காத்திருப்பு 30 விநாடி என்றாலே சுமை 22.5 எர்லாங்காகவும் தேவை 33 சேனல்களாகவும் உயர்ந்துவிடும். அழைப்பு முடிந்தபின் முகவர் குறிப்பெழுதும் நேரமோ ஆள் கணக்கில் சேருமே தவிர, சேனல் கணக்கில் சேராது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய திட்டங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன.

முகவரின் கைபேசிக்கே அழைப்பை அனுப்பினால், உள்ளே வந்த சேனலும் வெளியே போன சேனலும் பேச்சு முடியும்வரை விடுபடுவதில்லை. கணினியிலேயே இயங்கும் சாஃப்ட்ஃபோன் இந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது; ஆனால் சுமை, வீட்டுக் கணினியை அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் நுழைவாயிலுக்கு இடம்மாறுகிறது. 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் என்ற வழக்கமான அமைப்பில், 200 பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரு திசைகளிலுமாக விநாடிக்கு 20,000 பாக்கெட்டுகள் கடக்கும். தரவின் அளவு சிறியது, பாக்கெட்டுகளின் எண்ணிக்கைதான் சாதனத்தைத் திணறடிக்கிறது. குரலை மேலும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாறினாலும் இந்த எண்ணிக்கை குறையாது; 20 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு, அதன்மேல் விபிஎன்னின் உறை வேறு. அதனால் குரலை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே, குறியாக்கத்துடன், நேரடியாக, வலையமைப்பின் எல்லையில் குரல் அழைப்புகளைக் கையாளும் செஷன் பார்டர் கன்ட்ரோலருக்கு அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துவேன். தொலைவில் உள்ள தரவு மையத்தைச் சுற்றிவரும் தாமதமும் இதனால் தவிர்க்கப்படும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிற, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையை எட்டுவதும் எளிதாகும்.

"எனக்கு நன்றாகக் கேட்கிறது, என் குரல்தான் அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதாம்" என்று முகவர் சொன்னால், நான் முதலில் பார்ப்பது பதிவேற்றத் திசையைத்தான். வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது ரௌட்டரில் பாக்கெட்டுகள் வரிசைகட்டி நிற்க, குரலும் அவற்றின் பின்னால் காத்துக்கிடக்கிறது. அலுவலகத்தில் குரலுக்கு இட்ட முன்னுரிமைக் குறியீட்டைப் பொது இணையம் மதிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே முகவரைச் சேர்க்குமுன் ஒரு கோப்பை ஏற்றிக்கொண்டே சோதனை அழைப்பு செய்யச் சொல்வதும், வைஃபையை விட்டுக் கேபிளில் இணைக்கச் சொல்வதும் என் வழக்கம்.

இணையம் அறுந்தால் கைபேசிக்கு மாற்றிவிடலாம் என்று மாற்றுவழி எழுதுபவர்கள், அப்படி மாறும் ஒவ்வோர் அழைப்பும் இன்னொரு சேனலைக் கேட்கும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. உச்ச நேரத்தில் எத்தனை முகவர்கள் வரை அவ்வாறு மாறலாம் என்ற வரம்பை ட்ரங்க் வாங்கும்போதே முடிவு செய்து, பணிநேர மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.