கசியும் ட்ராலி ஜாக்கியைப் பிரித்து சீல் மாற்றிய அனுபவம்

வண்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கியில் ஆயில் கசிந்தால் பெரும்பாலும் மாற்ற வேண்டியது சில ரப்பர் வளையங்களைத்தான். இரும்புப் பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ஆனால் எந்த வளையம் போயிருக்கிறது என்று பார்க்காமல் பிரித்தால், எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகும் பழைய இடத்திலேயே ஈரம் தெரியும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கசிவின் ஊற்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

நான் பிரித்தது 3 டன் ஜாக்கி. முன்பக்கம், பெரிய பிஸ்டன் வெளியே வரும் இடத்தில் எப்போதும் ஈரம். பாரம் ஏற்றினால் மெல்ல இறங்கவும் செய்தது. ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பிக் கிடக்கும்போது எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் மண்ணெண்ணெய் தொட்டு ஹைட்ராலிக் யூனிட் முழுவதையும் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி, முதலில் பாரமில்லாமலும் பிறகு பாரத்தோடும் ஏற்றிப் பார்த்தேன். ஆயில் முதலில் எட்டிப் பார்க்கும் இடத்தில் பவுடர் நனைந்து நிறம் மாறிவிடும்.

பாரம் ஏறும்போது மட்டும் பெரிய பிஸ்டனின் உடம்பு வழியாக ஆயில் வழிந்தால், அதன் உள்முனையில் இருக்கும், கிண்ணம்போல் வாய் திறந்த கப் சீல் போயிருக்கிறது. ஜாக்கி சும்மா நிற்கும்போதும் முன்பக்கப் பெரிய நட்டின் விளிம்பைச் சுற்றி ஈரம் படர்ந்தால், அது ஆயில் தொட்டியை மூடும் ஓ-ரிங் என்ற வட்ட ரப்பர் வளையம். கைப்பிடி செருகும் பக்கம் சொட்டினால், ஜாக்கியை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வின் ஓ-ரிங் அல்லது பம்ப் பிஸ்டனின் சீல். ஆயில் ஊற்றும் ரப்பர் மூடியிலிருந்து வருகிறது, அதுவும் ஜாக்கியை இறக்கும்போது மட்டும் வருகிறது என்றால், பல சமயம் சீலில் குறையே இருக்காது. ஆயில் அதிகம் ஊற்றியிருப்பார்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது அதன் அடியில் இருந்த ஆயில் முழுவதும் தொட்டிக்குத் திரும்புகிறது. இடம் இல்லாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வெளியே ஒரு துளிகூட இல்லாமல் பாரம் இறங்குவது வேறு விஷயம். பாரத்தோடு கைப்பிடி தானாக மேலே எழும்பினால், பம்புக்கும் பெரிய சிலிண்டருக்கும் நடுவில், ஆயில் திரும்பி வராமல் அடைக்கும் இரும்பு உருண்டை சரியாக உட்காரவில்லை. கைப்பிடி அசையாமல் பாரம் மட்டும் இறங்கினால் முதலில் ரிலீஸ் வால்வைச் சந்தேகிக்கலாம். அடிக்க அடிக்கக் கைப்பிடியில் எதிர்ப்பே இல்லை, தொட்டியில் ஆயிலும் போதுமான அளவு இருக்கிறது என்றால், காற்று சிக்கியிருக்கலாம். காற்றை எடுத்த பிறகும் அப்படியே இருந்தால் உறிஞ்சும் பக்கத்து உருண்டையில் அழுக்கு. என் ஜாக்கியில் பாரத்தின்போது பிஸ்டன் உடம்பில்தான் ஆயில் ஓடியது. ஆக, கப் சீல்.

பிரிக்கும் முன் ஜாக்கியை முழுவதும் இறக்கி, ரிலீஸ் வால்வைத் திறந்து வைக்க வேண்டும். தூக்கும் கையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் இறக்கிய நிலையிலும் இழுவிசையோடுதான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கொக்கி வைத்த கம்பியால் இழுத்துக் கழற்றுவது நல்லது, கொறடு வழுக்கிவிடும். அடுத்து, பிஸ்டன் முனையையும் தூக்கும் கையையும் இணைக்கும் பின், பிறகு யூனிட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு பக்கப் போல்ட்டுகள். யூனிட் தனியாக வந்ததும் மூடியைத் திறந்து கவிழ்த்து ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்தேன். கருப்பாக இருந்தால் பழையது, பால்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மினுமினுவென்று இரும்புத்துகள் தெரிந்தால் சிலிண்டரைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முன்பக்க நட்டுதான் இந்த வேலையிலேயே கடினமான இடம். மிகவும் இறுக்கமாக இருக்கும். வைஸில் வார்ப்பிரும்புப் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். தொட்டிக் குழாய் மெல்லிய தகடு. அதைப் பிடித்தால் நசுங்கிவிடும், பிறகு ஓ-ரிங் ஒருபோதும் சரியாக உட்காராது. பெரிய பைப் ரென்ச்சும் அதன் பிடியில் செருக ஒரு நீளக் குழாயும் போதும். கேஸ் தீயில் சூடாக்க வேண்டாம். உள்ளே ஆயில் இருக்கிறது. நட்டு கழன்றதும் பிஸ்டனைக் கையால் திருகித் திருகி இழுத்தாலே வரும். காற்று அழுத்தம் கொடுத்துத் தள்ளுவது மிகவும் ஆபத்து, குண்டுபோல் பறந்து வரும்.

ரிலீஸ் வால்வையும் உருண்டைகளையும் எடுக்கும்போது ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, எந்தத் துளையில் எந்த உருண்டை, அதன் மேல் எந்த ஸ்பிரிங் என்று தனித்தனி மூடிகளில் போட்டு வைத்தேன். உருண்டைகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் 5, 6 மி.மீ. என்று அளவு வேறு, சிலவற்றில் 4.76, 6.35 போன்ற அங்குல அளவுகளும் உண்டு. பாதுகாப்பு வால்வின் திருகை மட்டும் தொடவே கூடாது. அதிக பாரம் ஏறும்போது ஆயிலைத் திருப்பி விடுவது அதுதான். அளவுமானி இல்லாமல் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பழைய சீல்களைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விறைத்துத் தட்டையாகியிருந்தால் வயதும் சூடும் காரணம். விளிம்பு கடித்துத் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தால், ஓ-ரிங் பிதுங்காமல் பின்னால் தாங்கும் பேக்கப் ரிங் இல்லை, அல்லது தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். அழுத்தம் ரப்பரை இடைவெளிக்குள் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கத்தி வைத்ததுபோல் வெட்டு இருந்தால், முன்பு பொருத்தும்போது மரையில் உரசியது. உப்பி, மெத்தென்று ஆகியிருந்தால் தவறான ஆயில். இந்தக் கடைசி வகை கண்ணில் பட்டால் புதிய சீல் மட்டும் போட்டுப் பயனில்லை, உள்ளே ஒரு சொட்டுப் பழைய ஆயில்கூட இல்லாமல் கழுவ வேண்டும். பிரேக் ஆயில்தான் வழக்கமான குற்றவாளி. அது கிளைகால் (glycol) வகைத் திரவம், ஜாக்கியில் இருக்கும் நைட்ரைல் ரப்பரைக் கெடுத்துவிடும். என் ஜாக்கியின் கப் சீல் விறைத்துப்போய், உதடு ஒரு பக்கம் மடங்கியே நின்றது.

பிறகு இரும்பைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் மீதும் சிலிண்டரின் உள்ளேயும் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. லேசான கறை, மெல்லிய கீறல் என்றால் 1000 நம்பர் உப்புத்தாளில் ஆயில் தொட்டுச் சுற்றுவாக்கில் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வாய்க்காலாகிவிடும். குரோம் பூச்சு உரிந்து துரு குழி விழுந்திருந்தால் அந்த யூனிட்டோடு மல்லாடாமல் விட்டுவிடுவதே சரி. எந்த சீலும் அங்கே நிலைக்காது.

ஜாக்கியின் மாடலுக்கான சீல் கிட் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் அளந்து வாங்க வேண்டும். பழைய ரிங்கை அளக்காதீர்கள், அது நசுங்கியோ உப்பியோ இருக்கும். வெர்னியர் அளவுகோலால் சீல் உட்காரும் பள்ளத்தை அளக்க வேண்டும். என் ஜாக்கியின் பம்ப் பிஸ்டன் 12 மி.மீ., உடலில் இருக்கும் பள்ளத்தின் விட்டம் 16 மி.மீ. இரண்டுக்கும் இடையே ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. இடம். 2.4 மி.மீ. தடிமன் ஓ-ரிங் போட்டால் சுமார் 17 சதவீதம் நசுங்கும், அது போதும். நகரும் பிஸ்டனுக்கு இதைவிட அதிகம் நசுங்கினால் கைப்பிடி கனக்கும், சீலும் சீக்கிரம் தேயும். பள்ளத்தின் அகலம் 4.6 மி.மீ. இருந்ததால் ஓ-ரிங்கோடு டெஃப்ளான் பேக்கப் ரிங்கும் சேர்ந்து உட்காரும் என்பது தெளிவானது. ரப்பர் 90 ஷோர் கடினத்தன்மை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 70 ஷோர், பேக்கப் ரிங் இல்லாமல் இந்த அழுத்தத்தில் பிதுங்கிவிடும்.

பொருத்தும்போது இரண்டு திசைகளைக் கவனிக்க வேண்டும். கப் சீலின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும், அதாவது பிஸ்டனின் உள்முனை நோக்கி. பேக்கப் ரிங் அழுத்தத்துக்கு எதிர்ப்பக்கம், ஓ-ரிங்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். கப் சீலைத் திருப்பிப் போட்டால் முதல் முறை பாரம் ஏற்றும்போதே ஆயில் தாண்டிப்போகும். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு, துடைத்துவிட்டு ஏற்றினால் வளைந்து கொடுக்கும். மரைகளைத் தாண்ட வேண்டிய இடத்தில் மெல்லிய டேப்பைச் சுற்றி, சீல் மீதும் பாதை முழுவதும் ஜாக்கி ஆயில் தடவிக்கொள்ளுங்கள். துடைக்கப் பஞ்சு வேண்டாம். ஒரு நூலிழை உருண்டைக்கு அடியில் சிக்கினாலும் பாரம் இறங்கும்.

உருண்டை உட்காரும் இடம் மங்கலாகத் தெரிந்ததால், பழைய உருண்டையை அதில் வைத்து, பித்தளைக் கம்பியை மேலே நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டினேன். விளிம்பு மெல்லிய பளபள வளையமாகத் தெரிந்தது. பிறகு அதே அளவுப் புதிய உருண்டையைப் போட்டேன். ஓங்கி அடித்தால் இருக்கை பிளந்துவிடும். ரிலீஸ் வால்வையும் கைப்பிடியால் முறுக்கு முறுக்கென்று முறுக்கக் கூடாது, அந்த இருக்கை கெடுவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஆயில், ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில்தான், தடிமன் ஐ.எஸ்.ஓ. 22 அல்லது 32 என்று குறித்தது. இன்ஜின் ஆயில் தடிமன், நுரைக்கும், குளிரில் பம்ப் உறிஞ்சினாலும் ஏறாது. பிஸ்டன் முழுவதும் உள்ளே இருக்க, ஜாக்கி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் போதும். பிறகு ரிலீஸ் வால்வைத் திறந்தே வைத்துக்கொண்டு கைப்பிடியை 10, 15 முறை வேகமாக அடிக்க வேண்டும். வால்வை மூடி முழு உயரத்துக்கு ஏற்றி, இறக்கி, மூடியைச் சற்றே தளர்த்திக் காற்றை விட வேண்டும். கைப்பிடி பஞ்சுபோல் அமுங்குவது நிற்கும் வரை இதையே திரும்பச் செய்து, கடைசியில் ஆயில் அளவை மறுபடி பாருங்கள். காற்று போன அளவுக்கு ஆயில் குறைந்திருக்கும்.

சோதிக்கும்போது வண்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஏற்றியதும் சட்டத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டைச் சில மி.மீ. இடைவெளியோடு நிறுத்தினேன். அந்த இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்தால் போதும். வண்டிக்குக் கீழே யாரும் கையைக்கூட நீட்டக் கூடாது. இடைவெளி மாறவில்லை, பிஸ்டன் காய்ந்தே இருந்தது. வேலை முடிந்ததும் பிஸ்டனை முழுவதும் உள்ளே இறக்கி, ரிலீஸ் வால்வைத் தளர்த்தி, ஜாக்கியைச் சாய்க்காமல் சமதளத்தில் வைத்துவிட வேண்டும். குரோம் பூச்சு ஆயிலுக்குள்ளேயே இருந்தால் துரு பிடிக்காது.