பினாங்கு மொட்டைமாடிக்கு எந்த டெலஸ்கோப்?

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசா காட்டும்ணே?" பெட்டி மேல் 525 மடங்கு என்று கொட்டையெழுத்தில் போட்டிருப்பான். கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்தான் ஐபீஸ், அதை மாற்றினால் மடங்கும் மாறிவிடும். டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை (ஒளி ஒரு புள்ளியில் குவியும் தூரம்) ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் மடங்கு. என்னுடையதற்குக் குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 போட்டால் 120. சனியின் வளையம் 48-லேயே தெரியும். மடங்கை விட்டுவிட்டு, ஒளி நுழையும் வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். என் 150 மில்லிமீட்டர் வாய், இருட்டில் 7 மில்லிமீட்டர் விரியும் கண்மணியைவிட 450 மடங்குக்கும் மேல் ஒளியை அள்ளும்.

ஒளியை லென்ஸால் குவிப்பது ஒரு வகை, குழிந்த கண்ணாடியால் குவிப்பது இன்னொரு வகை. லென்ஸ் வகையில் ஒரு தொல்லை. நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும். மலிவான லென்ஸில் வியாழனைப் பாருங்கள், ஊதாக்கரை கட்டியிருக்கும். குழிந்த கண்ணாடிக்கு இந்தப் பாரபட்சம் கிடையாது என்பதால்தான் 1668-இல் நியூட்டன் அதற்கு மாறினார். பெரிய லென்ஸை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும், தன் எடையிலேயே தொய்யும். கண்ணாடிக்கு முதுகு முழுக்க முட்டுக் கொடுக்கலாம். 1897-இல் திறந்த யெர்க்ஸ் ஆய்வகத்தின் லென்ஸ் 102 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக் காவலூரில் உள்ள கண்ணாடியோ 2.34 மீட்டர்.

இரண்டையும் கலந்தது ஷ்மிட்-காசகிரெய்ன். இரண்டு மீட்டர் குவியத்தூரத்தை அரை மீட்டர் குழாய்க்குள் அடக்கி வைத்திருப்பார்கள். லிஃப்டில் தூக்கிப்போக வசதிதான். ஆனால் அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் தகடு வானத்தைப் பார்த்தபடி வெப்பத்தை இழந்து குளிரும். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் மழை விட்ட ராத்திரியில் சோற்றுப்பானை மூடி மாதிரி வேர்த்துவிடும். துடைக்காதீர்கள், கீறல் விழும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை. நியூட்டன் வகையில் கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் பனி சீக்கிரம் எட்டாது.

டெலஸ்கோப்பை நிறுத்தும் தாங்கிக்கும் இந்த ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வானம் சுழலும் போக்கிலேயே திரும்பும் ஈக்வடோரியல் தாங்கியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேலே ஐந்து டிகிரிதான். எனக்கு எதிர் பிளாக் அதை மறைத்துவிடுகிறது. ஆகவே நான் சொல்வது டாப்சோனியன்: நியூட்டன் வகைக் குழாய், அதைத் தாங்கும் பலகைப் பெட்டி, கையால் திருப்பலாம், அவ்வளவுதான்.

ஒரு சங்கடம் உண்டு. இங்கே கோள்கள் தலைக்கு மேலே ஏறிவிடும். காற்றுப்படலம் குறைவு, படம் தெளிவு. ஆனால் உச்சிக்கு நேராக வந்துவிட்டால் டாப்சோனியன் முரண்டு பிடிக்கும். துளி நகர்த்த முழுப் பெட்டியையும் சுற்ற வேண்டும். நான் ஒரு தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) போட்டுக் குடித்துவிட்டு, அது மேற்கே சாய்ந்த பிறகு பார்ப்பேன்.