கெர்னிங் மதிப்பு ஒருவழியாக ஒத்துப்போனது

எழுத்துருக் கோப்பிலிருந்து கெர்னிங்கை, அதாவது இரண்டு எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளித் திருத்தத்தை, படித்துச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு, நேற்று இரவு ‘து’வுக்கும் ‘ற’வுக்கும் இடையே என் நிரல் -18 என்று சொன்னது. எழுத்துகளை அடுக்கித் தரும் மென்பொருளான ஹார்ஃபஸ்ஸும் அதே -18. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன், அதே எண்தான்.

கிளிஃபின் (எழுத்துருவில் உள்ள எழுத்து வடிவம்) பெயரைத் தேடும் பகுதி சீக்கிரம் முடிந்தது. ஃபான்ட்டூல்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில், யூனிகோடு எண்ணைக் கிளிஃபோடு இணைக்கும் சிமேப் அட்டவணையை எடுத்தால் ‘த’ கிடைத்துவிடும். ‘து’வுக்குத் தனி யூனிகோடு எண் கிடையாது, அதை, கிளிஃப்களை மாற்றிப்போடும் ஜிசப் அட்டவணையின் லிகேச்சர்களில் (பல கிளிஃப்கள் சேர்ந்து ஒன்றாகும் விதிகள்) பிடித்தேன்.

கிளிஃப்களின் இடத்தைத் திருத்தும் ஜிபாஸ் அட்டவணைதான் உயிரை எடுத்தது. முதலில் வந்த விடை -58. ஒரே லுக்கப்புக்குள் (திருத்த விதிகளின் தொகுப்பு) இரண்டு துணை அட்டவணைகள். ஜோடி ஜோடியாக எழுதிய முதலாவதில் -18, கிளிஃப்களைக் கிளாஸ்களாக, அதாவது குழுக்களாகப் பிரித்து எழுதிய அடுத்ததில் -40. நான் இரண்டையும் கூட்டிக்கொண்டிருந்தேன்! ஒரு லுக்கப்புக்குள் முதலில் பொருந்தும் துணை அட்டவணையோடு நின்றுவிட வேண்டும். வெவ்வேறு லுக்கப்புகளின் மதிப்புகள்தான் ஒன்றோடொன்று சேரும். எழுத்துரு செய்தவர் -40ஐப் பொதுவாக வைத்து, இந்த ஜோடிக்கு மட்டும் பார்த்துப் பார்த்து -18 கொடுத்திருக்கிறார். அந்த உழைப்பு என் கூட்டலில் காணாமல் போயிருந்தது. எழுத்துருவின் அடிப்படை அளவான ‘எம்’ 1000 அலகு என்பதால், 16 பிக்சலில் இந்த 40 அலகு கண்ணுக்கே தெரியாது. 100 பிக்சல் தலைப்பில் 4 பிக்சல் நெருங்கிவிடும்.

கிளாஸ் 0 இன்னொரு தலைவலி. வேறு எந்தக் கிளாஸிலும் சேராத கிளிஃப் கிளாஸ் 0தான், ஆனால் ஃபான்ட்டூல்ஸ் தரும் கிளாஸ் அகராதியில் அது இருக்காது. இல்லையென்றால் 0 என்று எழுதினேன். உடனே சம்பந்தமே இல்லாத எழுத்துகளுக்கெல்லாம் கெர்னிங் முளைத்தது. ஜோடியின் முதல் கிளிஃப் கவரேஜில் (துணை அட்டவணை பொருந்தும் கிளிஃப்களின் பட்டியல்) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளாஸைக் கேட்க வேண்டும்.

அப்புறம், ஜோடியைத் தட்டச்சு செய்த எழுத்து வரிசையில் தேடக்கூடாது. ‘தலை’யில் ‘த’வுக்கு அடுத்து நிற்பது ‘ல’ அல்ல, ஐகாரக் கொம்பு. அதனால் இப்போது ஹார்ஃபஸ் அடுக்கித் தரும் கிளிஃப் வரிசையையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வகை லுக்கப்பை (வேறு வகைத் துணை அட்டவணையைச் சுட்டும் உறை) பிரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. ஆனால் மனம் அதற்குள் டிஸ்ட் என்ற எழுத்துரு அம்சத்தின் பக்கம் போய்விட்டது. இந்திய எழுத்துருக்களில் சிலர் இடைவெளித் திருத்தங்களை கெர்ன் என்ற வழக்கமான அம்சத்தில் வைக்காமல் டிஸ்ட்டில் வைப்பதுண்டு. என் நிரல் இன்னும் கெர்னை மட்டும்தான் படிக்கிறது. அடுத்து டிஸ்ட்டைப் படிக்கும் பகுதியைத்தான் எழுதப் போகிறேன்.