லேசா மிதிச்சா திணறுது, அழுத்தி மிதிச்சா ஓடுது: அம்பாசிடரில் மிஸ்ஸிங் தேடிய அனுபவம்

வண்டி 1987 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். உள்ளே இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வம்சத்து 1489 சிசி இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. உயர் வோல்டேஜ் உண்டாக்கும் ஒரு காயில், அதை முறைப்படி பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் காயில் கரன்ட்டை வெட்டி விடும் ஒரு செட் பாயின்ட், அது கருகாமல் காக்கும் ஒரு கண்டன்சர், வெளியே நாலு பிளக். கோளாறு எங்கே இருந்தாலும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வண்டி மேல் எனக்குள்ள பிரியத்துக்கு அதுதான் காரணம்.

மழைக்காலம் முடிந்து வெளியே எடுத்தபோது இரண்டு தொந்தரவு இருந்தது. ஐடிலிங்கில் உதறல், நடுநடுவே கார்பரேட்டர் வழியாகத் தும்மல். ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்து ஓட்டினால் வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "கார்பரேட்டரைக் கழற்றி சுத்தம் பண்ணிடுங்க சார்" என்றார்கள். நான் தொடவில்லை. அதைக் கழற்றி மாட்டினால் செட்டிங் எல்லாம் மாறிவிடும். அப்புறம் எது பழைய கோளாறு, எது நாம் புதிதாக உண்டாக்கியது என்றே பிரிக்க முடியாது. பழைய வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது சிலிண்டரில் கலவை பற்றாமல் போனால், முதலில் கரன்ட், பிறகுதான் பெட்ரோல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

உதறலில் தொடங்கினேன். இன்ஜின் ஓடும்போதே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். 1, 2 இரண்டையும் கழற்றியபோது சத்தம் நன்றாகவே இறங்கியது. 4-க்குக் கொஞ்சம்தான் மாற்றம். 3-ஐக் கழற்றியபோது எதுவுமே ஆகவில்லை, அதாவது அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கம்ப்ரெஷன் பார்த்தேன், நாலும் 130 பிஎஸ்ஐ-யை ஒட்டியே இருந்ததால் வால்வு, ரிங் பற்றிய பயம் போனது. 3-ம் பிளக்கை 1-க்கு மாற்றிப் பார்த்தேன், கோளாறு 3-லேயே நின்றது. வயரை மாற்றினேன், அப்போதும் அங்கேயே. மிச்சம் இருந்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

மூடியை வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்பக்கம் 3-ம் முனையிலிருந்து 4-ம் முனைக்குப் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. ஈரமும் தூசியும் படிந்த இடத்தில் ஸ்பார்க் ஊர்ந்து ஊர்ந்து பேக்கலைட்டையே கரியாக்கிப் போட்ட பாதை அது. இப்படி ஒரு பாதை விழுந்துவிட்டால் துடைத்தும் பயனில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.

தும்மலுக்கும் அந்தக் கோடுதான் காரணம். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-3-4-2. 3-ம் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் ஸ்பார்க்குக்குக் காத்திருக்கும் நேரத்தில், 4-ம் சிலிண்டர் அப்போதுதான் பெட்ரோல் கலவையை இழுத்து முடித்திருக்கும்; அதன் இன்லெட் வால்வு இன்னும் முழுசாக மூடியிருக்காது. அமுக்கம் அதிகமுள்ள 3-ல் பாய்வதைவிட 4-ல் பாய்வது ஸ்பார்க்குக்குச் சுலபம். கரிக்கோடு வழியாக அங்கே போய்ப் பற்றவைத்தால் தீ திறந்த வால்வு வழியாகத் திரும்பி கார்பரேட்டரில் வெடிக்கும். 4-ஐக் கழற்றியபோது மாற்றம் கொஞ்சமாகத் தெரிந்ததற்கும் இதே விளக்கம்தான். கார்பரேட்டரில் சத்தம் வந்தால் கார்பரேட்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுவது எவ்வளவு தப்பு!

புது மூடியும், அதற்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடும் ரோட்டாரும் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வரவழைத்தேன். மாட்டியதும் ஐடிலிங் சீராகிவிட்டது, தும்மலும் நின்றது. ஆனால் ரோட்டில் வெட்டி இழுப்பது கொஞ்சமும் குறையவில்லை.

இங்கேதான் உண்மையான யோசனை தேவைப்பட்டது. திருச்சி அருகே துவாக்குடி பக்கம் காலி ரோட்டில் ஓட்டிக் கவனித்தேன். லேசாக மிதித்தால் திணறல். அதே வேகத்தில் பெடலை முழுசாக அழுத்தினால் திணறல் மறைந்து வண்டி சுத்தமாக இழுத்தது. பொதுவாக இது தலைகீழாக இருக்க வேண்டும். காயில், கண்டன்சர் பலவீனமாக இருந்தால் பெடலை அழுத்தும்போதுதான் மிஸ் ஆகும். ஏனென்றால் சிலிண்டர் அமுக்கம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பெட்ரோல் வரத்து போதாமல் இருந்தாலும் முழு இழுவையில்தான் காட்டிக் கொடுக்கும். லேசான மிதியில் மட்டும் வந்து, அழுத்தினால் போய்விடுகிற கோளாறு என்றால் எனக்குத் தோன்றியது இரண்டு: ஒன்று கலவை மெலிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேக்கம் அட்வான்ஸ்.

வேக்கம் அட்வான்ஸ் என்பது இதுதான்: கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. லேசாக மிதிக்கும்போது அதில் உறிஞ்சல் அதிகம். உள்ளே இருக்கும் டயஃப்ரம் பாயின்ட் பொருத்திய தட்டைச் சற்றே திருப்பி ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும். முழுசாக மிதித்தால் உறிஞ்சல் விழுந்து, தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஐடிலிங்கிலும் தட்டு அசையாது. என் வண்டியின் நடத்தை இதோடு அப்படியே பொருந்தியது.

குழாயை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி, கார்பரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு ஓட்டினேன். இழுவை கொஞ்சம் மந்தம்தான், ஆனால் திணறல் ஒரு துளி இல்லை. வீட்டுக்கு வந்து, மகனை ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, டயஃப்ரத்தில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி வாயால் உறிஞ்சினேன். இன்ஜின் உடனே தடுமாறி அடங்கப் பார்த்தது. விட்டதும் எழுந்தது. "அப்பா, நீங்க உறிஞ்சறப்ப எல்லாம் நின்னுடப் பாக்குது!" என்று உள்ளேயிருந்து கத்தினான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெளி முனையிலிருந்து பாயின்ட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு வயர் போகும். தட்டு திரும்பும் ஒவ்வொரு முறையும் இது வளைந்து நிமிரும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்துத் தட்டைக் கையால் திருப்பினேன். பாதி தூரம் போனதும் தொடர்பு அறுந்தது, திரும்ப விட்டதும் வந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் முறிந்து, நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

அந்த இடத்தில் வீட்டு வயரிங் கம்பியைப் போடக் கூடாது. அது விறைப்பு, தட்டை நகரவும் விடாது, சீக்கிரம் முறிந்தும் போகும். பழைய மல்டிமீட்டர் புரோப் வயரை வெட்டிப் போட்டேன். சிலிகான் உறை சூட்டைத் தாங்கும், உள்ளே முடி போன்ற இழைகள் நிறைய. ஈயம் வைத்தால் அந்த இடம் விறைத்து அங்கேயே முறியும் என்பதால் முனைகளை நசுக்கிப் பிடித்து கிரிம்ப் செய்தேன். தட்டுக்கும் உடலுக்கும் நடுவே இருந்த பின்னல் எர்த் வயரும் நைந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று.

கையோடு பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்து 0.38 மி.மீ. செய்தேன் (0.35 முதல் 0.40 வரை இருக்கலாம்), கேமில் துளி கிரீஸ். டைமிங்குக்கு, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரி செய்ய, லைட் கருவி எல்லாம் வேண்டாம். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பு, இக்னிஷன் ஆன், நாலாவது கியர். வண்டியை மெதுவாக முன்னே தள்ளினால், பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். கிராங்க் புல்லியின் வெட்டு 5 டிகிரி குறியில் வரும்போது எரியும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினேன்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு. பாயின்ட் தேய்மானம் இருக்காது, உண்மைதான். ஆனால் அந்த மாட்யூலும் இதே அசையும் தட்டில்தான் உட்காரும், அதன் வயரும் இதே போல வளைந்து நிமிரும். பாயின்ட் என்றால் நடுரோட்டில் ஸ்குரூ டிரைவரோடு சரி செய்துவிட்டு வீடு வந்து சேரலாம். நான் பாயின்ட்டோடு இருக்கவே விரும்புகிறேன்.

இப்போது வண்டி தஞ்சாவூர் வரை ஒரு வெட்டு இல்லாமல் போய் வருகிறது. கார்பரேட்டரில் ஒரு ஸ்குரூ கூடத் திருகவில்லை. ஒரு வேலை பாக்கி: டுவெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் கருவி) ஐடிலிங்கில் 60 டிகிரி காட்டுகிறது, வேகம் கூட்டினால் 55-க்கு இறங்குகிறது. ரோட்டார் ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கையில் ஆட்டம் தெரிகிறது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. வெண்கலப் புஷ் கடைந்து தர ஒரு லேத் பட்டறையில் பேசியிருக்கிறேன். ஷாஃப்ட்டை அளந்த பிறகு அளவுகளையும் எழுதுகிறேன்.