பாட்டு முடிந்தால் முடியட்டும்

கல்யாண டிஜேவுக்கு ஒரே ஒரு பயம்தான்: அமைதி. ஒரு பாட்டு தேய்வதற்குள் அடுத்த பாட்டின் தாளம் உள்ளே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். கிள்ளான், காஜாங், ஷா ஆலாம் என்று மண்டபம் மண்டபமாக ஸ்பீக்கர் தூக்கிய எனக்கு அது கையிலேயே ஊறிவிட்ட பழக்கம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நடனக் குழுவுக்கு ஸ்விங் பாட்டு (1930-களில் ஆடுவதற்கென்றே ஓங்கிய அமெரிக்க ஜாஸ்) போட ஆரம்பித்தபோது முதலில் விட வேண்டியிருந்தது அதைத்தான்.

ஸ்விங்குக்கு இவர்கள் ஆடுவது லிண்டி ஹாப், ஜோடியாக ஆடும் ஆட்டம். ஒரு பாட்டு முடிந்ததும் இருவரும் நன்றி சொல்லிப் பிரிவார்கள். தண்ணீர் குடிப்பார்கள், துண்டால் கழுத்தைத் துடைப்பார்கள் (கோலாலம்பூர் புழுக்கத்தில் மாற்றுச் சட்டை இல்லாமல் யாரும் வருவதில்லை), அப்புறம் அடுத்த ஜோடியைத் தேடுவார்கள். புதிதாக வந்த பிள்ளை, நன்றாக ஆடும் ஒருவரிடம் போய் "ஆடலாமா?" என்று கேட்கத் துணிவதும் அந்த ஏழெட்டு வினாடிக்குள்தான். அதை மிக்ஸ் பண்ணி மூடிவிட்டால் அவர் கேட்கவே மாட்டார்.

என்னோடு உதவிக்கு வரும் தம்பிக்கு இது பிடிபடவே இல்லை. பாட்டு நின்றதும் கேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பான்.

"அண்ணே, லைன் போச்சா?"

"இல்லடா, ஆள் தேடுறாங்க. சும்மா இரு."

பாட்டின் நீளமும் இதோடு சேர்ந்த விஷயம். 1930-களில் வந்த பத்து அங்குல 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அன்றைக்கு அது தட்டின் குறை. இன்றைக்கு எங்களுக்கு அதுவே வசதி. சரிவராத ஜோடியோடு மூன்று நிமிடம் சிரித்துக்கொண்டே ஆடிவிடலாம், எட்டு நிமிடம் முடியாது. ஜாஸ் குழுத் தலைவர் பென்னி குட்மன் 1937-இல் பதிவு செய்த 'சிங், சிங், சிங்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், வேகமும் அதிகம். ஜாஸ் என்றாலே அதைத்தான் கேட்பவர்கள் உண்டு. அருமையான பாட்டு, வீட்டில் கேளுங்கள் என்பேன்.

சரி, எதைப் போடுவது? நான் முதலில் கேட்பது பாடகர் குரலையும் இல்லை, டிரம்பெட்டையும் இல்லை. அடியில் ஓடும் டிரம், பேஸ், கிட்டார் மூன்றும் சேர்ந்து காலைத் தூக்குகின்றனவா என்றுதான் பார்ப்பேன். பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் குழுவில் ஜோ ஜோன்ஸ் டிரம், வால்டர் பேஜ் பேஸ், ஃப்ரெடி கிரீன் கிட்டார். நாலு தட்டும் ஒரே சீராக உருளும். பேஸி பியானோவில் இரண்டு சுரம் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அவர் விட்ட இடத்தில் ஆடுகிறவர் காலை வைப்பார். எல்லா இடத்தையும் வாத்தியமே நிரப்பிவிட்டால் ஆடுகிறவருக்கு வேலை இல்லை.

ஸ்விங் தாளம் என்றால் என்ன என்று தம்பிக்கு விளக்க நான் பாடுபடவில்லை. அவன் கோயில் திருவிழாக்களில் உருமி மேளம் அடிப்பவன். ஒரு தட்டுக்குள் 'தகிட' சொல்லச் சொன்னேன். 'தகி' இரண்டையும் சேர்த்து நீட்டி, 'ட' மட்டும் தனியே விழவிடு என்றேன். "தா..ட, தா..ட" என்று மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாண்ணே?" என்றான். இவ்வளவுதான், ஆனால் வேகம் கூடக் கூட அந்த நீட்டல் குறைந்து இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். அதையும் அவனே கேட்டுச் சொன்னான். உருமிக் காது!

ஜாஸ் எல்லாமே ஆடத்தக்கது என்று நினைத்து வரும் ரசிகர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. 1940-களில் பீபாப் என்ற புது ஜாஸ் பாணி வந்தபோது, கென்னி கிளார்க் போன்ற டிரம்மர்கள் தாளத்தைக் காலடி டிரம்மிலிருந்து எடுத்துத் மேலே சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஏற்றினார்கள். காலடி டிரம் எதிர்பாராத இடத்தில் குண்டு போடும். உட்கார்ந்து கேட்கச் சுகம், ஆடுகிறவருக்குத் தடுக்கும். இசை மட்டும் காரணமில்லை. 1944-இல் அமெரிக்க அரசு, ஆட்டமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கு முப்பது விழுக்காடு வரி போட்டது. அந்த வருடமே அதை இருபதாகக் குறைத்தார்கள் என்றாலும் பல இடங்களில் ஆடும் தளத்தை எடுத்துவிட்டு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஆடுகிறவர்கள் கை ஓங்கித்தான் இருந்தது. நியூயார்க் ஹார்லெமில் 1926 முதல் 1958 வரை இருந்த சவாய் பால்ரூம் என்ற ஆட்ட அரங்கில் இரண்டு மேடைகள். ஒரு குழு ஓயும்போது மறு குழு தொடங்கும். 1937-இல் குட்மன் குழு அங்கே போய், அந்த அரங்கின் சொந்தக் குழுவான சிக் வெப் குழுவோடு மோதியது. நாடெங்கும் பெயர் குட்மனுக்குத்தான், ஆனால் ஆடிப் பழகிய கூட்டம் வெப் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 120 முதல் 170 தட்டுக்குள் இருந்தால் பெரும்பாலோர் நிம்மதியாக ஆடுவார்கள். பேஸியின் 'ஷைனி ஸ்டாக்கிங்ஸ்' 130-ஐ ஒட்டி நடக்கும். லிண்டி ஹாப்பின் மூத்தவர் ஃப்ராங்கி மேனிங்குக்கு (1914-2009) மிகப் பிடித்த பாட்டு அது. அதே பேஸியின் 1938-ஆம் ஆண்டு 'ஜம்பின் அட் த வுட்சைட்' 230-ஐத் தாண்டும். தேர்ந்தவர்கள் அதைக் கேட்டதும் கத்துவார்கள். கத்தலை நம்பினால் கெட்டோம். கத்துவது ஆறு பேர், சுவரோரம் ஒதுங்குவது இருபது பேர். அதனால் நான் தளத்தைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்ப்பேன். ஒரு வேகப் பாட்டுக்கு அப்புறம் மூச்சு வாங்க ஒன்று, மறுபடி மெல்ல ஏற்றம். ஒரு முகம் இரண்டு பாட்டாகச் சுவரோரமே நின்றால், மூன்றாவது பாட்டு அவருக்கானது. அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒலி அமைப்பில் யாரும் சொல்லித் தராத தொல்லை ஒன்று உண்டு. நாங்கள் ஆடுவது கடைவீட்டு மாடியில், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கல்யாணப் பாட்டுக்கு வைத்த அளவிலேயே 1938 பதிவைப் போட்டால் டிரம்பெட் அந்தக் கண்ணாடியில் மோதிக் காதைக் கிழிக்கும், பேஸ் இருக்கும் இடமே தெரியாது. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கி, 100 பக்கம் கொஞ்சம் ஏற்றுவேன். பழைய பதிவின் இரைச்சலை முழுக்க வடிகட்டுவதில்லை, வடிகட்டினால் சிம்பலும் சேர்ந்து போய்விடும். ஒரே பாட்டு நாலு மறுபதிப்பில் கிடைக்கும். நாலையும் கேட்டு வைப்பதுதான் வீட்டு வேலை, அதற்குக் கூலி கிடையாது.

ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை, வேறு உலகம். இரவு ஏறிய பிறகு, கூட்டம் பாதியானதும் போடுவோம். மெதுவான பாட்டு என்றால் சோகப் பாட்டு என்று எண்ணி அழுமூஞ்சிப் பட்டியல் போடுவார்கள் புதியவர்கள். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைக் கவனித்துக் கேட்டால் அழுகையைவிடக் கிண்டல்தான் அதிகம். 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குப் போய் மின் கிட்டாரைப் பிடித்த மட்டி வாட்டர்ஸிடம் இருப்பது முறுக்கு. மெதுவான பாட்டுக்குத்தான் அடியில் ஓடும் தாளத் துடிப்பு அதிகம் வேண்டும். இல்லையென்றால் ஜோடி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதோடு சரி. நெருங்கி ஆடும் ஆட்டம் என்பதால் வெட்கப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இடையில் ஜம்ப் ப்ளூஸ் என்ற வேகமான, கலகலப்பான வகையில் ஒன்று வைப்பேன், தள்ளி நின்று ஆடலாம்.

"நம்ம ஊர் பாட்டு போடுங்களேன்" என்று கேட்பவர்களைத்தான் சமாளிக்க முடியாது. நியாயமான கேள்வி. பினாங்கில் பிறந்த மலாய்ப் பட நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் பாட்டுகளில் ரும்பாவும் ஜாஸும் கலந்தே கிடக்கின்றன. பினாங்கின் ஜிம்மி பாயில் ஜாஸ் பியானோக்காரர். தேடித் தேடிச் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன், போட்டால் மூத்த ஆண்ட்டிகள் உட்கார்ந்த இடத்திலேயே கூடப் பாடுவார்கள்.

பழைய தமிழ்ப் படப் பாட்டு கேட்கிறவர் எங்கள் குழுவில் ஓர் அண்ணன். அந்தக் காலத்து கிளப் பாட்டுகளில் ஸ்விங் நிச்சயம் இருக்கிறது. ஆனால் பல்லவி ஸ்விங்கில் போகும், இடையிசையில் சட்டென்று தாளம் மாறும், சரணத்தில் இன்னொன்று. படத்தில் காட்சி மாறும், எங்களுக்கோ ஜோடி நடுவழியில் நின்றுவிடும். ஒரு தடவை போட்டுக் காட்டினேன். மூன்றாவது மாற்றத்தில் அண்ணனே ஜோடியின் கையை விட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்காக இப்போது நான்கு பாட்டு போனில் தனியாக வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரை எல்லாம் வேனில் ஏற்றிய பிறகு, மாமாக் கடையில் தே தாரிக் வரும்வரை அவை ஓடும்.