அம்மாவுக்குப் பிடித்த வாசனையை கீமோவுக்குக் கொண்டுபோகாதீர்கள்

அம்மாவின் புற்றுநோய்க்கு முதல் கீமோ மருந்து ஏற்றிய அன்று நான் செய்த ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அம்மாவுக்கு மல்லிகை என்றால் உயிர். ரங்கூனில் சிக்னலில் வண்டி நின்றால் சரத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருவார்களே, அவர்களிடம் ஒரு சரமாவது வாங்காமல் அம்மா வீடு திரும்பியதில்லை. தலைக்குக் கொஞ்சம், சாமி படத்துக்குக் கொஞ்சம், மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அதனால் மருந்து ஏறும்போது பயப்படுவாளே, பழகின வாசனை பக்கத்தில் இருந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று நினைத்து, ஒரு சரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய் அவள் தோளோரம் வைத்தேன். அவளும் அதை முகர்ந்துகொண்டே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி முழுக்க வாந்தி. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள், வாசல்படி தாண்டவில்லை, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அப்புறம் சாமி படத்துக்குக்கூட மல்லிகை போட முடியாமல் போயிற்று. அறுபது வருஷமாக அவள் ஆசையாக வைத்திருந்த ஒரு வாசனையை நாலு மணி நேரத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

இது அம்மாவுக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ருசியோ வாசனையோ வந்து, அதன் பின்னாலேயே குமட்டலும் வந்தால், உடம்பு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அறிவுக்குத் தெரியும் மருந்தால்தான் வாந்தி என்று, ஆனால் உடம்பு அதைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 1978இல் இதைக் குழந்தைகளிடம் பார்த்தார். கீமோவுக்கு முன்னால் புது ருசியில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், பிறகு அந்தக் குழந்தைகளில் பலர் அதைத் தொடவே மறுத்தார்கள். வாசனைக்கு இந்த வேலை இன்னும் சுலபம். மூக்கிலிருந்து போகிற நரம்பு, பயத்தையும் நினைவையும் கவனிக்கிற மூளைப் பகுதிகளுக்கு ரொம்பப் பக்கத்திலேயே போய்ச் சேருகிறது, கண்ணும் காதும் அனுப்புகிற சேதி மாதிரி நடுவில் ஒரு இடத்தில் நின்று போவதில்லை. அதனால்தான் சிலருக்கு ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை பட்டாலே, மருந்து ஏறுவதற்கு முன்பே வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும். அது ஒரு தடவை பழகிவிட்டால் வழக்கமான வாந்தி மாத்திரைக்குச் சரியாக அடங்குவதில்லை.

அதே பெர்ன்ஸ்டீனும் இன்னொருவரும் சேர்ந்து 1987இல் செய்த ஒரு வேலைதான் எனக்கு வழி காட்டியது. குழந்தைகள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில், தூக்கலான ருசி உள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். வெறுப்பு அந்த மிட்டாய் மேல் போய் விழுந்தது, சாப்பாடு ஓரளவு தப்பித்தது. அதாவது, மிட்டாய் பலியாடு. சரி, வாசனைக்கும் அப்படி ஒரு பலியாடு வேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் வாழ்க்கையில் எந்த நினைவோடும் ஒட்டாத, அன்னியமான ஒரு வாசனை.

அம்மாவுக்குப் போட்டது டாக்சோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும், 21 நாளுக்கு ஒரு தடவை, நாலு தடவை. முதலாவது சிவப்பாக இருக்கும், வார்டில் எல்லாரும் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது வாரம்தான் உடம்பு கொஞ்சம் நிமிரும், பசிக்கும், பேச்சு வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் முன்னால் நாலு பொருளை வைத்தேன்: சின்ன பாட்டிலில் லாவண்டர் எண்ணெய், ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சைத் தோல், அப்புறம் இங்கே பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மூக்கில் வைத்து இழுக்கிற ஷூஸே டப்பா. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஷூஸேயில் இருக்கிற கற்பூரமும் மெந்தாலும் தலைக்கு ஏறுகிறது என்று தள்ளிவிட்டாள். இஞ்சி வேண்டாம், சமையல் ஞாபகம் வருகிறது என்றாள். லாவண்டரை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்து, "இது யாரு வீட்டு வாசனைன்னே தெரியல, பரவாயில்ல, இருக்கட்டும்" என்றாள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறிக் கீறிக் கையிலேயே வைத்துக்கொண்டாள், கொடுக்கவே மனசில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, லாவண்டர் ஆஸ்பத்திரிக்கு, எலுமிச்சை வீட்டுக்கு.

எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் குமட்டல்தான், நமக்கு இதமாக இருக்கிற வாசனை அவருக்கு நரகமாக இருக்கலாம். மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் பஞ்சு, அதில் ஒரே ஒரு சொட்டு. சயாமா (நர்ஸ்) ஊசி போட நரம்பு தேடும்போது அம்மா டப்பாவைத் திறந்து மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவாள், ஏழெட்டு மூச்சு, அப்புறம் மூடிவிடுவாள். முதல் தடவை விரல் நடுங்கி மூடி திறக்க வரவில்லை. மூன்றாவது கீமோவில் ஊசி உள்ளே போகும்போது, கட்டைவிரல் அந்த மூடி விளிம்பை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன், தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தது. வாசனையா, நிதானமான மூச்சா, கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருந்ததா, எது உதவியதென்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, பிரிக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு வாசனை எண்ணெயோடும் எண்ணெய் இல்லாமலும் மசாஜ் செய்வதைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2016இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், தரமும் குறைவு, வலிக்கும் பதற்றத்துக்கும் பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் இன்னொரு சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், கொஞ்ச நேரப் பதற்றத்தைக் குறைக்க லாவண்டர் எண்ணெயை முகரக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அவ்வளவுதான். பயத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், கட்டியை ஒன்றும் செய்யாது, வாந்தியை அடக்குகிற ஒன்டான்செட்ரான் மாத்திரைக்குப் பதிலாகவும் ஆகாது. "கேன்சரையே கரைக்கும்" என்று சொல்லி எண்ணெய் விற்க வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். மூன்று பேர் சம்பளத்தைச் சேர்த்து மருந்து வாங்குகிற வீட்டில் வந்து அப்படிப் பேசுகிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கவனமாக இருக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. எண்ணெயைக் குடிக்கக் கூடாது, டீயில் ஒரு சொட்டு என்றுகூட வேண்டாம். நேராகத் தோலில் தடவாதீர்கள், கீமோ சமயத்தில் தோல் சீக்கிரம் எரிச்சல் படும். கைகால் பிடித்துவிடத்தான் வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரே சொட்டு, அதையும் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஊசி இருக்கிற இடம், புண், கதிர்வீச்சு பட்ட இடம் பக்கமே போகக் கூடாது, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு குறைந்திருந்தால் அழுத்தவே கூடாது. மூச்சிளைப்பு உள்ளவர்களுக்கு வாசனையே ஆகாமல் போகலாம். கடையில் வாங்கும்போது வெறும் லாவண்டர் என்று போட்டிருந்தால் அது செயற்கை சென்ட்டாகவும் இருக்கலாம், லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று செடியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். கரண்டில் ஓடும் ஆவிக் கருவி ஒன்றை என் தம்பி வாங்கி வந்தான், இங்கே கரண்ட் இருக்கிற நேரம்தான் உங்களுக்குத் தெரியுமே, அது அலமாரியில் கிடக்கிறது. பஞ்சு போதும்.

பூவைப் பற்றி ஒன்று, நம்மவர்களுக்கு இது முக்கியம். மருந்து போட்ட இரண்டாவது வாரம் வாக்கில் வெள்ளையணுக்கள் ரொம்ப இறங்கிவிடும். அந்த நாட்களில் பச்சைப் பூவும், பூ ஜாடித் தண்ணீரும், ஈர மண்ணும் கிட்டே வேண்டாம் என்றுதான் பல இடங்களில் சொல்கிறார்கள், அதில் இருக்கிற கிருமியும் பூஞ்சையும்தான் காரணம். வார்டில் வெள்ளையணு இறங்கினவர்களும் இருப்பார்கள், நான் கொண்டுபோன மல்லிகைச் சரம் அந்த வகையிலும் தப்புதான், அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் வாசனையைச் சேர்ப்பதைவிட எடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதை வறுப்பதை நிறுத்தினோம், தாளிப்பையெல்லாம் சித்தி தன் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள். மீன் குழம்பு ஊற்றின நூடுல்ஸான மொய்ங்காவுக்கு அம்மா ஆசைப்பட்டாள், சூடாக வைத்தால் மீன் வாடை எழும்பிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள், நன்றாக ஆற வைத்து மேலே எலுமிச்சை பிழிந்து கொடுத்தபோது பாதிக் கிண்ணம் உள்ளே போயிற்று. ஆறின சாப்பாட்டுக்கு வாசனை குறைவு, அவ்வளவுதான் சூட்சுமம். காலையில் எழுந்ததும் எலுமிச்சைத் தோலைக் கீறி முகர்ந்துவிட்டுத்தான் முகத்துக்குப் பூசுகிற தனக்கா மரப்பட்டையை அரைக்க உட்காருவாள், தலையில் முடி இல்லாத அந்த மாதங்களிலும் கன்னத்தில் தனக்கா பூசாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

நாலாவது கீமோ முடிந்து வண்டியில் வரும்போது லாவண்டர் டப்பாவை என் மடியில் போட்டு, "இத நீயே வச்சுக்க, இப்ப இதுவும் ஆஸ்பத்திரி வாசனை ஆயிடுச்சு" என்றாள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அது வாங்கவேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டது. எலுமிச்சை அவளுக்கு இன்னும் பிடிக்கிறது.

சிகிச்சை எல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு முன்னால் முதல் மழை பெய்து பிடாவுக் மரமெல்லாம் மஞ்சளாகப் பூத்த வாரம், சிக்னலில் ஒரு பையன் மல்லிகைச் சரத்தோடு ஜன்னல் பக்கம் வந்தான். நான் வேண்டாமென்று கையாட்டினேன். அம்மா ஜன்னலை இறக்கி ஒரு சரம் வாங்கினாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியே வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் போட்டாள்.